ஆவாரையும் கருவண்டும் கத்தரிப் பாத்தியும்

கத்தரி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது என்று ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் உரத்தைப் பற்றிப் பிறகுதான் கேட்பேன். கொல்லையில் கருவண்டு, அதாவது மரத்தைத் துளைக்கும் பெரிய கருப்புத் தேனீ, வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கடும் வெயில், சூல்தண்டு குட்டையான பூ என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வண்டு வராததை யாரும் கவனிப்பதில்லை.

கத்தரிப் பூவின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காது. நுனியில் சிறு துளைதான். பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்தால், உப்பு டப்பாவைக் குலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை வராது. கருவண்டுக்கும் நீலவரித் தேனீக்கும் வரும். ஆவாரம்பூவின் மகரந்தப்பையும் இதே மாதிரிதான். தேன் கிடையாது, மகரந்தம் மட்டும். ஆகவே, கத்தரி ஓய்ந்த மாதங்களிலும் இந்த வண்டுகள் கொல்லையை மறக்காமல் இருக்க ஆவாரை நல்ல வழி. ஒருமுறை வேர்பிடித்தால் பல வருடம் நிற்கும்.

காவிரி டெல்டாவில் ஆவாரை வளர்ப்பதில் சிக்கல் என்றால் அது மண்தான். தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் அது தானாக வளரும். திருவாரூர், நாகப்பட்டினம் களிமண்ணில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இரண்டடி உயரத்துக்கு மணல் கலந்து மேடு கட்டுங்கள். மழை வடிந்த தை மாதத்தில் விதையுங்கள். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் வேண்டும். விதைத்தோல் கெட்டி, மணலில் தேய்த்து இரவு ஊறவையுங்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் வளர்ந்ததைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது.

ஆவாரை இலையில் பச்சைப் புழு தெரிந்ததும் மருந்தடிக்க ஓடாதீர்கள். மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழுவாக இருக்கும். மொட்டையடித்தாலும் செடி மறுபடி துளிர்க்கும். கத்தரிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து செடிக்குள் ஊடுருவி மகரந்தம்வரை போகும். பூக்கும் நேரத்தில் அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கருவண்டைக் கதண்டு, அதாவது கொட்டும் பெரிய குளவி, என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். நம் பக்கம் கதண்டுக்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் கதண்டு கூட்டமாகக் கூடுகட்டும். கருவண்டு பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் துளைபோட்டுத் தனியாகக் குடியிருக்கும். ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பழைய பந்தல் மூங்கிலை அடுப்புக்கு அனுப்பாமல் வேலி ஓரம் மழைபடாமல் சாய்த்து வையுங்கள்.