பிளஸ் எது, மைனஸ் எது, மூன்றாவது எதற்கு?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ரிமோட் விமானம் செய்துகொடுக்க மோட்டார் வாங்கியிருக்கிறார். அதில் மூன்று வயர், மூன்றும் ஒரே கறுப்பு. "பிளஸ் எது, மைனஸ் எது என்று கேட்டால், 'எப்படி வேணும்னாலும் மாட்டுங்க சார்' என்கிறார் கடைக்காரர். அவருக்கே தெரியாதா, இல்லை என்னைத் தட்டிக்கழிக்கிறாரா?"

கடைக்காரர் சொன்னது சரிதான். ஏன் சரி என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. அதற்கு முன், எந்த விமானம் என்பதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முதல் விமானம் போர் விமானம் மாதிரி இருக்கக் கூடாது. இறக்கை உடலுக்கு மேலே இருக்கட்டும், இரு நுனிகளும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். அப்படிப்பட்டது ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். உடல் தெர்மாகோல் வகையாக இருந்தால் விழுந்த அன்றே ஒட்டிப் பறக்கவிடலாம். எடை மையம், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விழ வேண்டும்.

புது விமானத்தில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 800 கிராம் விமானத்தில் 40 கிராம் பழத்தை வாலில் கட்டினால் எடை மையம் பின்னால் போய், திருஷ்டிக்கு வேலையே இல்லாமல் விமானம் விழும். கட்டியே தீர வேண்டுமென்றால் மூக்கில் கட்டுங்கள்.

இன்னொன்று, தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பறக்கவிடும் இடம் பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பகுதியில், வருகிறதா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

சரி, மோட்டாருக்கு வருவோம். பள்ளிப் புத்தகத்து மோட்டாரில் காந்தம் நிற்கும், கம்பிச்சுருள் சுற்றும். அரைச் சுற்றுக்கு ஒரு முறை மின்னோட்டத்தின் திசை மாறினால்தான் அது தொடர்ந்து சுற்றும். அந்த வேலையைப் பிளவு வளையமும் அதில் உரசும் கார்பன் தூரிகையும் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் மகனின் பிரஷ்லெஸ் மோட்டார் இதைத் தலைகீழாக்கிவிட்டது. சுருள்கள் நடுவில் அசையாமல் நிற்கின்றன, காந்தங்கள் ஒட்டிய வெளி டப்பா சுற்றுகிறது. தூரிகை இல்லை, உரசல் இல்லை. அப்படியென்றால் திசையை மாற்றுவது யார்? பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் மாட்டுகிற இஎஸ்சி (எலெக்ட்ரானிக் ஸ்பீட் கன்ட்ரோலர்) என்கிற சின்னச் சர்க்யூட். கடைகளில் அதிகம் கிடைக்கும் 2212 மோட்டாரில் 14 காந்தங்கள், அதாவது 7 ஜோடி. ஜோடிக்கு 6 முறை வீதம், ஒரு சுற்றுக்கு 42 முறை மின்னோட்டத்தை மாற்றிவிட வேண்டும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் விநாடிக்கு 7,000 முறை. ஒவ்வொரு முறையும் காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் மோட்டாருக்குள் அதைப் பார்த்துச் சொல்ல எந்த சென்சாரும் இல்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். எதனோடும் இணைக்காத மோட்டாரை விரலால் சுற்றுங்கள், சுலபமாகச் சுற்றும். மூன்று வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துச் சுற்றுங்கள். தேனில் கரண்டியைச் சுழற்றுவது போல இழுக்கும். நீங்கள் சுற்றும்போது அந்த மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் தயாரிக்கிறது. அந்த மின்சாரமே உங்கள் விரலை எதிர்க்கிறது.

பேட்டரியில் ஓடும்போதும் அது ஜெனரேட்டராகவே இருக்கிறது. இஎஸ்சி இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. எந்தக் கணத்திலும் ஒரு வயர் பிளஸ், ஒன்று மைனஸ், மூன்றாவது சும்மா. அந்தச் சும்மா இருக்கும் வயரில், கடந்து போகும் காந்தம் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அது பேட்டரி மின்னழுத்தத்தின் சரிபாதியைத் தாண்டும் கணத்தை இஎஸ்சி கவனித்து, காந்தம் எங்கே என்று தெரிந்துகொண்டு, அடுத்த மாற்றத்தைச் செய்கிறது. உடனே வேறொரு வயர் சும்மா ஆகிறது, இஎஸ்சி அதைக் கவனிக்கத் தொடங்குகிறது. இரண்டு கட்டம் பிளஸ், ஒன்று சும்மா, இரண்டு மைனஸ், மறுபடி சும்மா என்று மூன்று வயர்களும் முறைவைத்து வேலை செய்கின்றன. நிரந்தர பிளஸ் என்று எதுவுமே இல்லை.

நின்றுகொண்டிருக்கும் காந்தம் எதையும் தூண்டாது. ஆகவே கிளம்பும்போது இஎஸ்சிக்குக் கண் தெரியாது, குத்துமதிப்பாக உதைத்துப் பார்க்கும். புரொப்பல்லர் சில சமயம் வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடிவிட்டுக் கிளம்புவது அதனால்தான்.

மோட்டார் பெட்டியில் 1000 கேவி என்று போட்டிருப்பதும் இதே ஜெனரேட்டர் கணக்குதான். கேவி என்றால் இங்கே கிலோவோல்ட் அல்ல; ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று பொருள். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 11.1 வோல்ட். ஒரு பேச்சுக்கு, புரொப்பல்லரோடு 9,600 சுற்றில் ஓடினால் மோட்டாரே 9.6 வோல்ட் எதிர்த்துத் தள்ளும். மிச்சம் 1.5 வோல்ட். சுருளின் மின்தடை 0.1 ஓம் என்றால் 15 ஆம்பியர், பிரச்சினை இல்லை. புரொப்பல்லர் எதிலாவது சிக்கி நின்றுவிட்டால்? எதிர்த்துத் தள்ளும் வோல்ட் பூஜ்யம், 11.1 வோல்ட்டும் 0.1 ஓமின் மேல். கணக்குப்படி 111 ஆம்பியர். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அறுவடை முடிந்த வயலில் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டது. நான் பதற்றத்தில் ரிமோட்டில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை) குறைக்காமல் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் என் 30 ஆம்பியர் இஎஸ்சி புகைந்து முடிந்திருந்தது. விழப்போகிறது என்று தெரிந்ததுமே த்ராட்டிலை இறக்கிவிடச் சொல்லி மகனைப் பழக்குங்கள்.

இவ்வளவு சின்ன டப்பாவில் இவ்வளவு வலு எப்படி என்றால், 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்கிற தாது இருக்கிறது, மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது. ஆனால் என் மேசையில் கிடக்கும் அத்தனை மோட்டாரும் சீனாவில் செய்தவை. மணல் அள்ளுவதை அந்தக் கரையோர மக்கள் எதிர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு, அது தனியாகப் பேச வேண்டியது. அள்ளியதைக் காந்தமாக்கும் ஆராய்ச்சிக்கு நாம் இன்னும் தாராளமாகச் செலவழிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வாசகருக்கு: மோட்டாரின் மூன்று வயரையும் இஎஸ்சியின் மூன்று வயரோடு இஷ்டம்போல மாட்டுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவைத்துவிட்டு பேட்டரியை இணையுங்கள். பெரும்பாலான இஎஸ்சிகளில் செல் எண்ணிக்கைக்குத் தக்கபடி மூன்று 'பீப்' கேட்கும். இஎஸ்சியில் ஸ்பீக்கர் கிடையாது. அந்தச் சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறது, மோட்டாரைச் சுற்றவிடாமல் அதிரவைத்து எழுப்புகிற சத்தம். அப்புறம் த்ராட்டிலை மெல்ல ஏற்றிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றி மாட்டுங்கள்.