பழைய கணினியில் ரேமை ஏன் நான்கு நான்காகச் செருகினார்கள்?

இன்டெல் 486 பிராசஸர் கொண்ட பழைய கணினி வைத்திருந்தவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம். 30 பின் (இணைப்பு முனை) உள்ள சிம் (SIMM, ரேம் சிப்புகள் பதித்த சிறு தகடு) ரேமாக இருந்தால் நான்கு நான்காகத்தான் போட வேண்டும். மூன்று போட்டால் கணினி கிளம்பாது. கடையில் சொன்னதை அப்படியே பின்பற்றினார்கள். ஆனால் இந்த விதிக்குள் அழகான ஒரு கணக்கு இருக்கிறது.

486 பிராசஸருக்கு 32 தரவுக் கம்பிகள். 30 பின் சிம் ஒரு நேரத்தில் 8 பிட்தான் கொடுக்கும். நான்கு சிம் சேர்ந்தால்தான் 32 கம்பியும் நிரம்பும். இந்தக் கூட்டுக்குப் பெயர் ‘பேங்க்’. நால்வர் சுமக்கும் பல்லக்கு போலத்தான்: ஒரு தோள் குறைந்தாலும் நகராது. வெளியே 16 தரவுக் கம்பிகளே உள்ள, 486க்கு முந்தைய 386 எஸ்எக்ஸ் பிராசஸருக்கு இரண்டு சிம் போதும்.

ஒரு பேங்கில் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நான்குக்கும் ஒரே முகவரிதான் (எந்த இடத்துத் தரவு வேண்டும் என்ற எண்) ஒரே கணத்தில் போகிறது. மூன்று 4 எம்பி, ஒன்று மட்டும் 1 எம்பி என்றால், மற்ற மூன்றிலும் இருக்கும் பல இடங்கள் அந்தச் சின்ன சிம்மில் இருக்காது.

அளவுகளும் 256 கேபி, 1 எம்பி, 4 எம்பி, 16 எம்பி என நான்கு மடங்காகத் தாவின. ரேம் சிப்பில் பிட்டுகள் வரிசையும் நிரலுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் வரிசை எண், அடுத்து நிரல் எண், இரண்டும் அதே பின்கள் வழியாகவே போகின்றன. ஒரு முகவரிப் பின் கூடினால் வரிசையும் இரட்டிப்பு, நிரலும் இரட்டிப்பு; மொத்தம் நான்கு மடங்கு. எட்டு ஸ்லாட் உள்ள போர்டில் நான்கு 1 எம்பி சிம் வைத்திருந்தவர்கள், 4 எம்பியை இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ கூட்ட நினைத்தால், இன்னும் நான்கு 1 எம்பி சிம் போட்டு 8, அல்லது நான்கு 4 எம்பி சிம் போட்டு 20 எம்பி என்று போக வேண்டியிருந்தது இதனால்தான். நான்கே ஸ்லாட் என்றால், பழையதை எல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். அன்றைய விலைக்கு அது பெரிய செலவு.

72 பின் சிம் 32 பிட் தந்ததால் 486க்கு ஒன்றே போதுமானது. ஆனால் 1993இல் வந்த பென்டியத்துக்கு 64 தரவுக் கம்பிகள்; மறுபடியும் ஜோடி தேவைப்பட்டது. 64 பிட் கொண்ட 168 பின் டிம் (DIMM, சிம்முக்கு அடுத்து வந்த ரேம் தகடு) வந்தபோதுதான் ஜோடி சேர்க்கும் தொல்லை ஓய்ந்தது.

ஓய்ந்தது கொஞ்ச காலம்தான். 2000இல் பென்டியம் 4உடன் வந்த இன்டெல் 850 சிப்செட் (பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் சிப்புகள்), ராம்பஸ் என்ற வேறு வகை ரேமை ஜோடியாகக் கேட்டது. இம்முறை காரணம், ரேமுக்குப் போகும் இரண்டு தனித்தனி பாதைகள் (சேனல்கள்). அதோடு காலி ஸ்லாட்டையும் அது அனுமதிக்கவில்லை. ராம்பஸில் சிக்னல் ஒரு ரேமுக்குள் நுழைந்து மறுமுனையில் வெளியேறி அடுத்ததற்குப் போகும். நடுவில் ஸ்லாட் காலியாக இருந்தால் கம்பி அறுந்தது போலாகி, சிக்னல் வந்த வழியே எதிரொலிக்கும். அதனால் சிப்பே இல்லாத வெறும் இணைப்புத் தகடு ஒன்றை அங்கே செருகினார்கள்.