பழைய சட்டகத்தில் ஒரு மோட்டோகுரொஸ் வண்டி

திருகோணமலைக்கு அருகேயுள்ள உப்புவெளியில் ஒரு வளவின் மூலையில், இயந்திரமும் சில்லுகளும் கழற்றப்பட்ட பழைய 125 சிசி மோட்டார் சைக்கிள் சட்டகம் ஒன்று சுவரோடு சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதா, மேடுபள்ளமான மண்தடத்தில் பந்தயம் ஓடும் 1960களின் மோட்டோகுரொஸ் வண்டி ஒன்றின் பிரதியாக மாற்றுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டே இடங்கள்: முன்சில்லைத் தாங்கும் முன்கவை திரும்புகின்ற தலைக்குழாய், சுவிங் ஆர்ம் எனப்படும் பின்கவை ஏறி இறங்குகின்ற அச்சு. இவ்விரண்டும் நேராக, ஒன்றுக்கொன்று முறுக்கமின்றி இருந்தால், இடையிலுள்ள குழாய்களில் எதை வெட்டினாலும் வேறு குழாய் வைத்துக்கொள்ளலாம்.

பழைய பந்தய வண்டிகளே இப்படிப் பிறந்தவைதாம். இங்கிலாந்தின் டெரிக், டொன் ரிக்மன் சகோதரர்கள் ட்ரையம்ப் இயந்திரத்தையும் பிஎஸ்ஏ கியர்ப் பெட்டியையும் நோர்ட்டன் முன்கவையையும் ஒன்றுசேர்த்துக் கட்டிய வண்டிக்கு, கலப்பினம் என்று பொருள்படும் 'மெற்றீஸ்' என்ற பிரெஞ்சுப் பெயரையே சூட்டினார்கள். பின்னர் அவர்கள் சொந்தமாகச் செய்த நிக்கல் பூசிய சட்டகங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆகவே பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டுவதைப் போலி வேலை என்று எவரும் கூச வேண்டியதில்லை. பெற்றோல் தாங்கியையும் இருக்கையையும் எண் பலகையையும் பார்த்துச் செய்வது எளிது. வண்டியின் நடையைப் பிரதி செய்வதுதான் கடினம்.

முதலில் கறளைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். திருகோணமலைக் கடற்கரையில், அதிலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், இந்த எல்லை எளிதாகத் தாண்டப்படுவதால், இரும்பின் மேல் படிந்த உப்பு மழையில்லாத நாளிலும் மின்கடத்தும் ஈரப்படலமாகி அரிப்பைத் தொடர்ந்து நடத்துகிறது. குழாயின் வெளிப்புறத்தைச் சுரண்டிப் பார்க்கலாம், உட்புறம்தான் ஏமாற்றும். தாழ்வான வளைவுகளில் நீர் தங்குவதால், அவ்விடங்களைச் சிறு சுத்தியலால் தட்டி, ஓசை மழுங்குமிடத்தில் சிறு துளையிட்டுச் சுவரின் தடிப்பை அளந்துவிட வேண்டும். தபால் வண்டியாகப் பெயர் பெற்ற ஹொண்டா எம்.டி. 90 போன்றவற்றின் சட்டகம் அழுத்திய தகட்டால் ஆனது. உழைப்புக்குப் பேர்போனதானாலும் இந்த வேலைக்கு உதவாது.

அடுத்தது வடிவியல். தலைக்குழாய் செங்குத்திலிருந்து எத்தனை பாகை பின்னோக்கிச் சாய்ந்துள்ளது என்பது சாய்வுக் கோணம். அந்தச் சாய்வின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தைப் பின்தொடர் தூரம் எனலாம். தள்ளுவண்டியின் சிறு சில்லு தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு நேராகிக்கொள்வதைப் போலவே, இந்தத் தூரம் முன்சில்லை நேராக்குகிறது. தூரம் குறைந்தால் ஹேண்டில் இலேசாகத் திரும்பும், மணலில் அலையும். கூடினால் நேராக ஓடும், வளைவில் சோம்பும்.

வீதி வண்டியில் இருந்த 18 அங்குல முன்சில்லைக் கழற்றிவிட்டு மோட்டோகுரொஸ் முறைப்படி 21 அங்குலச் சில்லைப் பூட்டும்போது என்ன நடக்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். டயரோடு சேர்த்து ஆரை ஏறத்தாழ 300 மில்லிமீற்றரிலிருந்து 345 ஆகிறது. முன்பக்கம் 45 மில்லிமீற்றர் உயர்கிறது. சில்லுகளின் அச்சுகளுக்கிடையே 1300 மில்லிமீற்றர் இருந்தால், வண்டி முழுவதும் ஏறத்தாழ 2 பாகை பின்னுக்குச் சரிகிறது. 27 பாகையாக இருந்த சாய்வு 29 ஆகிறது. முன்சில்லின் அச்சு தலைக்குழாயின் சாய்வுக் கோட்டுக்கு 50 மில்லிமீற்றர் முன்தள்ளி இருக்குமானால், பின்தொடர் தூரம் 97 மில்லிமீற்றரிலிருந்து 134 ஆகிவிடுகிறது. எந்த இடத்திலும் வாள் வைக்காமலேயே வேறொரு வண்டி கிடைத்துவிட்டது.

இங்கே பலர் தலைக்குழாயை வெட்டித் திருப்பி ஒட்ட அவசரப்படுவார்கள். என் கருத்தில் அது பெரும்பாலும் வேண்டாத வேலை. நிலாவெளிப் பக்கத்து இளமணலில் ஓடப்போகும் வண்டிக்கு நீண்ட பின்தொடர் தூரம் துணைதான். மேலும், பின்பக்கத்தையும் சற்று நீளமான சொக் அப்சோபர்களால் 25 மில்லிமீற்றர் உயர்த்தினால், கோண மாற்றம் ஒரு பாகைக்கும் கீழே இறங்கிவிடும். தலைக்குழாயில் செய்யவேண்டியது வேறு. சில்லு பெரிதாகிவிட்டதால், குழியில் விழும் ஒவ்வொரு அடியும் நீண்ட நெம்புகோலின் முனையிலிருந்து தலைக்குழாயைப் பின்னோக்கி வளைக்கப் பார்க்கும். ஆகவே தலைக்குழாயும் மேற்குழாயும் கீழிறங்கும் குழாயும் கூடும் மூலையில் முக்கோண முட்டுத்தகடுகள் வேண்டும். அத்தகட்டின் ஓரம் குழாயின் குறுக்கே சட்டென்று முடியாமல் நீளவாக்கில் மெலிந்து முடிய வேண்டும். சட்டென முடியுமிடத்திலேயே அழுத்தம் குவிந்து வெடிப்புத் தொடங்கும்.

பின்பக்கத்தில் வரும் ஆசை இன்னும் பெரியது. 1973இல் யமஹாவின் ஒற்றைச் சொக் அப்சோபர் வண்டியில் சுவீடனின் ஹக்கான் அண்டர்சன் 250 சிசி உலகப்பட்டம் வென்றதையடுத்து, பின்சில்லின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டுவதில் எல்லா நிறுவனங்களும் இறங்கின. அதற்கான எளிய வழிகளுள் ஒன்று சொக் அப்சோபரைப் பின்கவையில் முன்னோக்கி நகர்த்துவது. 450 மில்லிமீற்றர் நீளமான பின்கவையில் 420ஆவது மில்லிமீற்றரில் பூட்டிய சொக் அப்சோபர் 95 மில்லிமீற்றர் அமுங்கினால் சில்லு 102 மில்லிமீற்றர் எழும். 300ஆவது மில்லிமீற்றருக்கு நகர்த்தினால் அதே அமுக்கத்தில் சில்லு 142 மில்லிமீற்றர் எழும். ஆனால் இந்த இலாபத்துக்கு வட்டி உண்டு. சொக் அப்சோபரின் மீதான விசை 1.4 மடங்காகிறது, சில்லு அதே அளவு எழும்போது அதன் அசைவோ அதே விகிதத்தில் குறைகிறது. ஆகவே பழைய விறைப்பைத் தக்கவைக்க ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பான சுருள்வில் வேண்டும். சட்டகத்தில் புதிய மேற்பூட்டு வரும் இடமும், பின்கவையின் நடுப்பகுதியும், தொழிற்சாலை எதிர்பாராத பாரத்தைச் சுமக்கும். அதைவிட, அப்படிச் செய்த வண்டி 1960களின் பிரதியாகவும் இராது. அமெரிக்காவில் பழைய வண்டிகளுக்கு நடத்தப்படும் பந்தயங்களில், அக்காலப் பிரிவுக்கு முன்சில்லின் அசைவு கூடியது 7 அங்குலம், பின்சில்லினது கூடியது 4 அங்குலம் என்று விதித்திருப்பது இதனால்தான். பழைய இடத்தில் பூட்டிய நம் கணக்கின் 102 மில்லிமீற்றர் அந்த 4 அங்குலமேயாகும்.

வீதி வண்டிகள் பலவற்றில் இயந்திரத்துக்குக் கீழே குழாய் இராது. இயந்திரமே சட்டகத்தின் அடிப்பகுதியாக நிற்கும். கல்லிலும் வேரிலும் ஓடும் வண்டிக்கு அடியில் தொட்டில்போல் இரு குழாய்கள் வேண்டும். அவற்றுக்குத் தடித்த குழாய்தான் பலம் என்று நினைப்பது தவறு. வெளிவிட்டம் 25 மில்லிமீற்றரும் சுவர்த்தடிப்பு 2.5 மில்லிமீற்றரும் உள்ள குழாயைவிட, 32 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள குழாய் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இலேசானது. ஆயினும் வளைவையும் முறுக்கையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்போடு எதிர்க்கும். இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே விறைப்பைத் தீர்மானிக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஜீ.ஐ. பைப்பை நாடவே கூடாது. அதன் நாகப் பூச்சு 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகி, ஒட்டுபவருக்குக் காய்ச்சலையும் ஒட்டுக்குத் துளைகளையும் தரும்.

ஒட்டுவதற்கு முன் குழாயின் முனையை, அது பொருந்தப்போகும் குழாயின் வளைவுக்கேற்ப அரைவட்டக் குழிவாக அராவி, இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். இடைவெளியை உலோகத்தால் நிரப்பினால், அது ஆறும்போது சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். மெல்லிய குழாயில் சாதாரண ஆர்க் வெல்டிங் எளிதாக ஓட்டை போட்டுவிடும். டங்ஸ்டன் முனையின் மின்பொறியால் ஒட்டும் டிக் வெல்டிங் பொருத்தமானது. அக்கால இங்கிலாந்துக்காரர்கள் ரெனால்ட்ஸ் 531 எனும் மெல்லிய கலப்புருக்குக் குழாய்களைக் காஸ் சுடரில் வெண்கலக் கம்பி உருக்கி இணைத்தார்கள். 900 பாகை அளவிலேயே வேலை முடிவதால், உருக்கு உருகாமலும் அதிகம் வலுக்குறையாமலும் இருக்கும். எந்த முறையானாலும் சட்டகத்தைக் கனமான இரும்பு மேசையில் இறுகப் பிணைத்து, பக்கம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஒட்ட வேண்டும். 150 மில்லிமீற்றர் நீளத் தலைக்குழாய் ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் சாய்ந்தால், 700 மில்லிமீற்றர் கீழேயுள்ள சில்லின் அச்சு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் விலகிவிடும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் சுடரோ அரமோ படக்கூடாது. பதிவுப் புத்தகத்தோடு அந்தச் சட்டகத்தை இணைப்பது அந்த எண்தான்.

வேலை முடிந்ததும் பின்சில்லின் இருபுறமும் நூல் பிடித்து நேர்பார்த்த பிறகும், உடனே வர்ணம் பூச வேண்டாம். மெல்லிய எண்ணெய் தடவி, கொஞ்சத் தூரம் மேடுபள்ளத்தில் ஓட்டி, எண்ணெயைத் துடைத்துவிட்டு ஓரிரவு வெளியே நிறுத்தி வைத்தால், ஒட்டின் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் கடற்காற்று காலையில் அதை மெல்லிய செந்நிறக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.