கட் ஷூ எந்த இடத்தில் மடிய வேண்டும்?

பேர்ணாம்பட்டில் தெருவுக்கு நாலு பேராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் ஆம்பூர் பக்கம் கிளம்பும் பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கலந்து கேட்கும். மலைப்பாதையில் ஏறி இறங்கினால் வி.கோட்டா, ஆந்திரா. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டும், இன்டர்வியூவுக்கு நான் வாங்கிய கருப்பு கட் ஷூ (முன்பக்கம் தாழ வெட்டிய பெண்கள் ஷூ) இரண்டே மணி நேரத்தில் குதிகாலை உரித்துவிட்டது. ஹீல்ஸ் வேண்டாம், தட்டையாக, மெத்தென்று இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில், அதாவது ஷூவைக் கால் அச்சின்மேல் இழுத்து ஒட்டும் இடத்தில் வேலை பார்க்கிறார். ஷூவை வாங்கி, முனையை ஒரு கையிலும் குதியை ஒரு கையிலும் பிடித்து அழுத்தினார். சப்பாத்தி மாதிரி நட்ட நடுவில் மடங்கியது.

"இன்னாம்மா இது, இடுப்புலயே மடியுது? வெரலு மடியுற எடத்துலதான மடியணும்?"

அக்கா சொன்னதற்குப் பின்னால் இருப்பது உடற்கூறு. பாதத்தில் 26 எலும்புகள். குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. நடக்கும்போது குதி எழும்பும், விரல்கள் மேல்நோக்கி மடியும். அப்போது கிணற்று ராட்டினத்தில் கயிறு ஏறுவதுபோல அந்தப் பட்டை விரலடி எலும்புகளைச் சுற்றி இறுகும். உள்ளங்கால் வளைவு உயரும். அதுவரை தொளதொளவென்று இருந்த பாதம் விறைத்து, தரையை உந்தும் நெம்புகோலாகிவிடும். ஹிக்ஸ் என்பவர் 1954இல் இதை விளக்கினார்.

ஷூவும் அதே விரலடிக் கோட்டில் மடிந்தால் இந்த வேலைக்கு இடைஞ்சல் இல்லை. எங்குமே மடியாவிட்டால் குதி ஷூவை விட்டு எழும்பி எழும்பி உரசும். நடுவில் மடிந்தால் வளைவுக்குக் கீழே தாங்க ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் சோலுக்குள் ஷாங்க் என்ற எஃகுப் பட்டையை வைப்பார்கள். மலிவான தட்டை ஷூக்களில் பல நேரம் அது இருக்காது. வெளியே தெரியாத பொருள் அல்லவா!

என் குதி உரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பக்கம் விரல்களின் அடி தெரிகிற அளவுக்குத் தாழ வெட்டிய ஷூ அது, புறங்காலைப் பிடிக்கப் பட்டையும் கிடையாது. அதனால் குதியில் நழுவி நழுவி உரசும். கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. நமக்குத் தெரியாமலே நடக்கிற வேலை. சாயங்காலம் கெண்டைக்கால்வரை வலிப்பது அதனால்தான். புறங்காலில் ஒரு பட்டையோ, கொஞ்சம் ஏறிய முன்பக்கமோ இருந்தால் விரல்களுக்கு விடுதலை. ஷூவின் குதிப்பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் குழிந்தால் குதியை அது பிடிக்காது.

தட்டை என்றாலே சுகம் என்பதும் பாதி உண்மைதான். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைவிடச் சற்றே கூடுதலான விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. காகிதம் போன்ற சோல் அதில் எதைத் தாங்கும்? ஒன்றிரண்டு செ.மீ. குதி உயரமும் கொஞ்சம் தடிப்பும் இருப்பதே எனக்குத் தேவலாம் என்று படுகிறது.

சரி, அளவுக்கு வருவோம். ஷூவை ஒரு கால் அச்சின் மேல் இழுத்து ஒட்டித்தான் செய்கிறார்கள். கம்பெனியில் அதற்குப் பெயர் லாஸ்ட். சுகமோ சித்திரவதையோ அங்கேயே முடிவாகிவிடும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவை. லாஸ்டும் அந்த ஊர்க் கால்களுக்கே. அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, 'பா' (பாரத் என்பதன் சுருக்கம்) என்ற இந்திய அளவுமுறையை முன்வைத்திருக்கிறது. நம் பாதங்கள் பொதுவாக அகலம் என்று அதில் தெரியவந்தது. இப்போதைய பெட்டியில் உள்ள எண்களோ வேறு கதை: பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கு 8.47 மி.மீ., ஐரோப்பிய அளவில் 6.67 மி.மீ. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தவே பொருந்தாது.

"போடப் போட சரியாயிடும்" என்பது கடைக்காரர்களின் தாரக மந்திரம். அசல் தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ரெக்சின் எதிலுமே பெரிதாக இளகாது.

அக்கா ஒரு காலண்டர் தாளைத் தரையில் போட்டு என்னை நிற்கச் சொன்னார். உட்கார்ந்து அளந்தால் பாதம் சிறிதாகத் தெரியும், எடை இறங்கினால்தான் முழுதாகப் பரவும். காலையைவிட மாலையில் வீக்கமும் சேரும். அதனால் மாலையில்தான் வரைந்தோம், இரண்டு கால்களையும். என் இடது கால் ஒரு நூல் பெரிது. பழைய ஷூவை அதன்மேல் வைத்தபோது சுண்டுவிரல் பக்கம் கோடு முழுக்க வெளியே நின்றது.

மறுநாள் அந்தத் தாளோடு கடைக்குப் போனேன். ஒவ்வொரு ஜோடியையும் கோட்டின்மேல் வைத்து, மடித்து, அழுத்திப் பார்த்ததில் கடைக்காரர் பொறுமை இழந்து டீ குடிக்கப் போய்விட்டார். ஆறாவது ஜோடியில் கோடு மறைந்தது.