வாடகைக்கு ஊர் வாய்

ஒரு ட்வீட்டுக்குச் சராசரியாக 0.49 லைக். அரை லைக்கூட முழுசாகத் தேறவில்லை. யாரோ புதுக் கவிஞரின் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்திலேயே அதிகம் செலவழிக்கும் ராணுவத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட ரகசியக் கணக்குகளின் நிலவரம் இது.

2022 ஆகஸ்டில், சமூக ஊடகங்களை ஆராயும் கிராஃபிகா என்ற நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ட்விட்டரும், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் நீக்கிய கணக்குகளின் பழைய பதிவுகளை அலசி எழுதியது. மத்திய ஆசியா, ஈரான், ஆப்கானிஸ்தான், அரபு நாடுகள் என்று அந்தந்த ஊர்க்காரர்கள் வேஷத்தில், அந்தந்த மொழியில், அமெரிக்காவைப் புகழ்ந்தும் ரஷ்யா, சீனா, ஈரானைத் திட்டியும் கிட்டத்தட்ட ஐந்து வருடமாக எழுதிக்கொண்டிருந்த கணக்குகள். ட்விட்டரில் மட்டும் 146 கணக்குகள், ஏறக்குறைய 3 லட்சம் ட்வீட். தன் தளத்தில் சிக்கியவற்றுக்குப் பின்னால் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடையவர்கள் இருந்ததாக மெட்டா அதே ஆண்டு நவம்பரில் சொன்னது. இத்தனை உழைப்புக்கும் கிடைத்த கூலிதான் அந்த அரை லைக்.

வெட்டி வேலை என்றுதான் நானும் முதலில் சிரித்தேன். ஆனால் இதே வேலை மியான்மரில் வேறு விதமாக முடிந்தது, பிலிப்பைன்ஸில் இன்னொரு விதமாக. ஒரே சரக்கு ஓரிடத்தில் புஸ்வாணம், வேறோர் இடத்தில் வெடி. ஏன் அப்படி என்று பார்த்தால் இந்த உளவியல் போர் எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் பிடிபடும்.

முதலில் பட்டறை. 2011-இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் ஓர் ஒப்பந்தத்தை வெளியே கொண்டுவந்தது. அமெரிக்க ராணுவத்தில் மத்தியக் கிழக்குப் பகுதியைக் கவனிக்கும் பிரிவான மத்தியக் கட்டளையகத்துக்காக என்ட்ரெபிட் என்ற நிறுவனம் ஒரு மென்பொருள் செய்து தர வேண்டும், மதிப்பு சுமார் 27.6 லட்சம் டாலர். அதைக் கொண்டு ஒரே ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்து பத்து ஃபேக் ஐடி வரை ஓட்டலாம். மொத்தம் 50 பேர். ஒவ்வொரு ஐடிக்கும் நம்பும்படியான ஒரு வாழ்க்கைக் கதை, பழைய பதிவுகள், அந்த நாட்டிலிருந்தே எழுதுவது போன்ற இணைய முகவரி எல்லாம் இருக்கும். பத்து வேஷம் போடுகிறவருக்கு எந்த வேஷத்தில் என்ன பேசினோம் என்பது மறந்துபோகும் இல்லையா? அந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் மென்பொருளின் வேலை. ஆங்கிலத்தில் இதைச் செய்வதில்லை, அரபு, பாரசீகம், உருது, பஷ்தோ போன்ற மொழிகளில்தான் என்று கட்டளையகம் விளக்கம் கொடுத்தது. நமக்கு இதில் ஆறுதல் தேடுவது கஷ்டம்.

டிபி விஷயமும் சுவாரசியமானது. முன்பெல்லாம் யாரோ ஒருவரின் படத்தைத் திருடிப் போடுவார்கள். கூகுளில் அந்தப் படத்தைத் தேடினால் குட்டு உடைந்துவிடும். பிறகு, உலகத்தில் இல்லாத முகத்தைக் கணினியே வரைந்து தரும் வசதி வந்தது. 2022-இல் சிக்கிய கணக்குகளிலும் அப்படிப்பட்ட முகங்கள் இருந்தன. அதைப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு. பரவலாகப் புழங்கிய அந்த மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தபோது எல்லா முகங்களையும் ஒரே சட்டத்துக்குள் பொருத்திக் காட்டினார்கள். அதனால் அது வரையும் முகங்களிலும் கண்கள் எப்போதும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். சந்தேகப்படும் கணக்குகளின் டிபி இருபதை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். முடி, தாடை, காது, பின்னணி எல்லாம் கலங்கிப் புகையாகிவிடும். இரண்டு கண்கள் மட்டும் பளிச்சென்று நம்மைப் பார்க்கும்.

சரி, எதற்கு இத்தனை முகங்கள்? ஒரு ஆள் உரக்கச் சொன்னால் போதாதா?

சின்ன வயதில் கேட்ட கதைதான். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐயர் ஒருவர் போகிறார். வழியில் ஒருவன் “என்ன சாமி, நாயைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்?” என்கிறான். சிரித்துவிட்டுப் போகிறார். கொஞ்ச தூரத்தில் இன்னொருவன் அதையே கேட்கிறான். தோளைத் திரும்பிப் பார்க்கிறார். மூன்றாவது ஆளும் கேட்டதும் ஆட்டை இறக்கிவிட்டு ஓட்டம். மூன்று திருடர்களும் கூட்டமாக வந்து சொல்லியிருந்தால் அவர் அசைந்திருக்க மாட்டார். தனித்தனியாக, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி வந்ததில்தான் சூது. ஒரு செய்தி பல இடங்களிலிருந்து வந்தால் உண்மையாக இருக்கும் என்று நம் மனம் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் வரும். அந்தக் கணக்கைத்தான் திருடர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு மழைக்கால இரவில் ஏரி உடைந்துவிட்டது என்று அக்காவிடமிருந்தும், பள்ளி நண்பர்கள் குழுவிலிருந்தும், குடியிருப்புக் குழுவிலிருந்தும் எனக்குத் தகவல் வந்தது. மூன்று பேர் சொன்னார்களே என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். அப்புறம் பார்த்தால் மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. ஒரே ஃபார்வேர்டு!

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு ஆய்வுக்கூட ஆதாரமும் உண்டு. 1977-இல் லின் ஹாஷரும் அவரோடு இரண்டு ஆய்வாளர்களும் மாணவர்களிடம் பொது அறிவு வாக்கியங்கள் சிலவற்றைக் கொடுத்து, எது உண்மை போலத் தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள், சரியோ தப்போ, ஒவ்வொரு முறையும் கூடுதல் நம்பகம் பெற்றன. ஏற்கனவே கண்ணில் பட்ட வாக்கியத்தை மூளை சிரமமில்லாமல் படிக்கிறது. அந்தச் சுலபத்தையே உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இதற்கு முன்பே ராணுவம் தன் ஆட்களிடமே சோதனை செய்து பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது உளவியலாளர் கார்ல் ஹொவ்லண்டின் குழு அமெரிக்க வீரர்களுக்குப் பிரச்சாரப் படம் காட்டி, அவர்கள் கருத்து மாறுகிறதா என்று அளந்தது. சில கருத்துகளில், படம் பார்த்த ஐந்தாம் நாளைவிட ஒன்பது வாரம் கழித்து மாற்றம் அதிகமாகத் தெரிந்தது. யார் சொன்னது என்பது மறந்துபோய், சொன்ன விஷயம் மட்டும் தங்கிவிடுகிறது என்று பிறகு விளக்கினார்கள். எல்லாச் சூழலிலும் இப்படி நடப்பதில்லை என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விமானத்திலிருந்து வீசும் துண்டுப்பிரசுரத்தில் ஒரு விதத்தில் நேர்மை இருந்தது. விமானம் யாருடையது என்று கீழே நிற்பவருக்குத் தெரியும். போனுக்குள் வந்து விழும் பிரசுரத்துக்கு விமானமே கிடையாது.

இப்போது மியான்மருக்கு வருவோம். 2014-இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் நுழைந்ததும், நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்த சிம் கார்டு ஒன்றரை டாலருக்கு இறங்கியது. லட்சக்கணக்கானோர் ஒரே மூச்சில் இணையத்துக்கு வந்தார்கள். வந்து இறங்கிய இடம் ஃபேஸ்புக். பலருக்கு இணையம் என்றாலே அதுதான். இதை யாரும் புரிந்துகொள்வதற்கு முன்பே அந்த நாட்டு ராணுவம் புரிந்துகொண்டது.

நியூயார்க் டைம்ஸ் 2018 அக்டோபரில் எழுதியபடி, சுமார் 700 பேர் வரை இதற்கென வேலை செய்தார்கள். தலைநகர் நேப்பிடோவுக்குப் பக்கத்து மலையடிவார முகாம்களில், ஷிப்டு முறையில். உயரதிகாரிகளைத் தவிர மற்ற எல்லோரும் வாசலிலேயே செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாள் முழுக்க போன் வழியாக ஊரைப் பிடிக்கும் வேலை, ஆனால் கையில் போன் இருக்கக் கூடாது!

அவர்கள் எடுத்த எடுப்பில், முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யா மக்களைத் திட்டத் தொடங்கவில்லை. பாப் பாடகர், மாடல் அழகி, பிரபலங்கள் பெயரில் ரசிகர் பக்கங்கள் திறந்தார்கள். ஃபேஸ்புக் பிறகு நீக்கிய பக்கங்களின் பெயர்களைப் பாருங்கள்: ஒன்று அழகுக்குறிப்புப் பக்கம் மாதிரி இருக்கும், இன்னொன்றின் பெயருக்கு ‘சும்மா சிரிப்போம்’ என்கிற மாதிரி அர்த்தம். இந்த வகைப் பக்கங்கள் பதின்மூன்றும் சில கணக்குகளும் சேர்ந்து வைத்திருந்த பின்தொடர்பவர்கள் சுமார் 13.5 லட்சம். சிரிக்க வந்தவர்கள் தினமும் வந்தார்கள், பழகினார்கள். கூட்டம் சேர்ந்த பிறகுதான் நடுநடுவே விஷம். ஊர் வாய் என்பது இப்படித்தான் வாடகைக்கு எடுக்கப்படுகிறது. அமெரிக்கக் கணக்குகளுக்கு வாய்க்காத பொருள் இந்தப் பழக்கம்தான். பெரும்பாலானவற்றுக்கு ஆயிரம் பேர்கூடச் சேரவில்லை.

2017 செப்டம்பரில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள் என்று பௌத்தர்களுக்கு எச்சரிக்கை போனது. அதே நாட்களில், பௌத்தத் தேசியவாதிகள் கிளம்பி வரப்போகிறார்கள் என்று முஸ்லிம்களுக்கு வேறோர் எச்சரிக்கை போனது. இரண்டும் கிளம்பியது ஒரே பட்டறையிலிருந்து. இரண்டு பக்கமும் பயந்து கிடந்தால் காவலுக்கு நிற்பவனுக்குத்தானே மரியாதை? அந்த ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதற்கு ஃபேஸ்புக் பதிவுகள் மட்டுமே காரணம் என்று சொன்னால் துப்பாக்கி பிடித்தவர்களைத் தப்பவிட்டதாகிவிடும். எரிந்ததைப் பார்த்தும் அக்கம்பக்கம் பதறாமல் இருந்ததில் பதிவுகளுக்குப் பங்கு உண்டு.

இந்தப் பட்டறையின் கைவேலையை அச்சிலேயே பார்க்கலாம். 2018 ஜூலையில் மியான்மர் ராணுவத்தின் மக்கள் தொடர்பு மற்றும் உளவியல் போர்த் துறை ஒரு புத்தகம் போட்டது. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் அதிலிருந்த கறுப்பு வெள்ளைப் படங்களை இணையத்தில் தேடினார்கள். ‘வங்காளிகள்’ (ரோஹிங்யாக்களை ராணுவம் அப்படித்தான் அழைக்கும்) உள்ளூர் மக்களைக் கொன்ற காட்சி என்று போட்டிருந்த படம் 1971-இல் டாக்காவில் எடுத்தது. வங்காளிகள் மியான்மருக்குள் நுழைவதாகக் காட்டிய ஊர்வலம், 1996-இல் தான்சானியாவில் நடந்துபோன ருவாண்டா அகதிகள். வண்ணப் படத்தைச் சாயம் போக்கிப் பழசாக்கியிருந்தார்கள். மூன்றாவது, படகில் மியான்மரை விட்டுப் போனவர்களின் 2015-ஆம் ஆண்டுப் படம். அதைத் திருப்பி, மங்கலாக்கி, வருகிறார்கள் என்று எழுதிவிட்டார்கள். இரண்டு படங்கள் தவறாக அச்சாகிவிட்டதாக ராணுவம் பிறகு மன்னிப்புக் கேட்டது.

பிலிப்பைன்ஸில் வேறு கதை. அங்கே பழக்கத்துக்குப் பதிலாக ஒரு பழைய காயம் இருந்தது. டெங்கு தடுப்பூசி ஒன்றை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்ட பிறகு, ஏற்கனவே டெங்கு வராதவர்களுக்கு அது நோயைக் கடுமையாக்கலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015-இல் 93 சதவீதம். 2018-இல் 32 சதவீதம். அந்த இடத்தில்தான் விரலை வைத்தார்கள். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வின்படி, 2020-இலிருந்து 2021 நடுப்பகுதி வரை, பிலிப்பைன்ஸ்காரர்கள் வேஷத்தில் குறைந்தது 300 கணக்குகள் மூலம் அமெரிக்க ராணுவம் சீனத் தடுப்பூசியையும் முகக்கவசத்தையும் பரிசோதனைக் கருவிகளையும் பழித்தது. சீனாதான் வைரஸ் என்று தகாலோக் மொழியில் ஒரு ஹேஷ்டேக். மத்திய ஆசிய, அரபு முஸ்லிம்களுக்கு வேறு அஸ்திரம்: தடுப்பூசியில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம் என்று.

பிலிப்பைன்ஸுக்கு முதலில் வந்து சேர்ந்தது சீனாவின் சினோவாக்தான், 2021 பிப்ரவரி கடைசியில். அந்த ஜூனில் சுமார் 11 கோடியே 40 லட்சம் மக்களில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் 21 லட்சம். ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் சிறை என்று அதிபர் துதெர்தே தொலைக்காட்சியில் மிரட்டினார். இதில் ஃபேக் ஐடிகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அளவுகோல் கிடையாது. தட்டுப்பாடும் இருந்தது, பழைய பயமும் இருந்தது. ஆனால் கோவிட் நேரத்தில் முதலில் கிடைத்த ஊசியைப் பற்றிச் சந்தேகத்தை ஊதிவிடுவதை எந்தப் போர்த் தந்திரக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை.

அளப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ரஷ்யா உதாரணம். 2016 அமெரிக்கத் தேர்தலில், ஃபேக் ஐடிகளை ஓட்டிய பீட்டர்ஸ்பர்க் ட்ரோல் நிறுவனத்தின் பதிவுகள் 12.6 கோடிப் பேர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் சொன்னபோது உலகமே அதிர்ந்தது. ட்விட்டரை ஆராய்ந்து 2023-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த கட்டுரை வேறு படம் காட்டியது: அங்கே அந்தப் பதிவுகள் கண்ணில் பட்டதில் 70 சதவீதம் வெறும் ஒரு சதவீதம் பேருக்குத்தான். அதிலும் பெரும்பாலோர் ஏற்கனவே தீவிர குடியரசுக் கட்சிக்காரர்கள். பார்த்ததால் கருத்து மாறியதாகத் தடயம் இல்லை. சீன அரசு வாதாடவே மெனக்கெடுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடிப் பதிவுகளை அரசு ஊழியர்களே எழுதுவதாக ஹார்வர்டின் கேரி கிங்கும் அவரது குழுவும் கணக்கிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பும் நேரத்தில் தியாகிகள் புகழ், ஊர்ப் பெருமை, பண்டிகை வாழ்த்து என்று கொட்டிப் பேச்சையே மாற்றிவிடுவது அங்கே வழக்கம். நம் ஊர் ஐடி விங்குகள் சண்டை போட்டே களைத்துப்போகின்றன.

அந்த அரை லைக் அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. ட்விட்டர் கொடுத்த கணக்குகளிலேயே அதிகம் பேர் பின்தொடர்ந்த இரண்டு கணக்குகள் எவை என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இரண்டும், தங்களுக்கு அமெரிக்க ராணுவத்தோடு தொடர்பு உண்டு என்று வெளிப்படையாக எழுதி வைத்திருந்த கணக்குகள்.