பிசியோதெரபிக்கு மாற்றுத்திறனாளி அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம்

பிள்ளையைத் தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறது, குதிகால் தரையில் படுவதில்லை. மூளை முடக்குவாதம் என்ற மூளைப் பாதிப்பால் வரும் இந்தத் தசை இறுக்கத்துக்கு பிசியோதெரபி எழுதிக் கொடுத்ததும், “முதல்ல கார்டு வாங்குங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கேட்காதீர்கள். எலும்பு வளர்ந்துகொண்டே போகும், இறுகிய தசை அதோடு ஈடுகொடுத்து நீளாது. கவனிக்காமல் விட்டால் மூட்டே மடங்கி நின்றுவிடலாம்.

சிகிச்சையைத் தொடங்க அட்டை தேவையில்லை. 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வேலூர் மாவட்டக்காரர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகளுக்குத் தெரபி கொடுக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) உண்டு. நடக்க முடியாவிட்டாலும் பள்ளியில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வீட்டுவழிக் கல்விக்கும் அந்தப் பதிவு வேண்டும்.

அட்டை பணத்துக்குத்தான் அவசியம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு போதும். மாதாந்திர உதவித்தொகை (2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய்) வேண்டுமென்றால் கடும் பாதிப்பு, அதாவது 75 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமே போதும். அதனால் கை காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பிள்ளைக்குப் புரிதலிலும் சிரமம் இருந்தால் அந்த மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

விண்ணப்பத்துக்கு முன் இன்னொன்று. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம்காரர்களுக்கு ராணிப்பேட்டை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்; ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு ஆட்கள்தான் வேலூர்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு எப்படியும் இலவசம். அப்பா துணைக்கு வந்தால்தான் அட்டை கைகொடுக்கும், அதே பஸ்ஸில் அவருக்கும் இலவசம்.

தனியாரிடம் தெரபிக்குப் போகிறவர்கள் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் அடக்கம், சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதால், சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு தெரபி பில்லையும் தேதியோடு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள்.