பாதி காஃபீன், இரட்டை வேலை

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தமிழ் வம்சாவளியினரின் வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும். கறிவேப்பிலைக்கு அங்கத்திய கிரியோல் மொழியில் ‘கலுப்பிலே’ என்று பெயர். நம் சொல்தான், கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அந்தக் கொல்லையிலோ மலைச்சரிவிலோ கூம்பாக வளர்ந்த ஒரு குட்டைக் காப்பிச் செடி கண்ணில் பட்டால், ஒரு பழத்தைப் பறித்துப் பிதுக்கிப் பாருங்கள். வெளியே வரும் கொட்டை ஒரு முனையில் உருண்டும் மறுமுனையில் கூராகவும் இருந்தால் அது ‘பூர்போன் புவாந்த்யூ’. புவாந்த்யூ என்றால் பிரெஞ்சில் கூரானது என்று பொருள். தாவரவியலார் வைத்த பெயர் லாரினா.

தீவின் பழைய பெயர் பூர்போன். 1715-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏமனின் மோக்காவிலிருந்து காப்பிக் கன்றுகளை இங்கே கொண்டுவந்தது. பிழைத்த சில கன்றுகளின் வழிவந்ததுதான் இன்று பிரேசில் முதல் ருவாண்டா வரை ‘பூர்பன்’ என்று பயிராகும் அராபிகா காப்பி வகை. காட்டை அழித்து அதை நட்டு வளர்த்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1806, 1807-ஆம் ஆண்டுகளின் புயல்கள் தோட்டங்களைச் சாய்த்தன. பிறகு கரும்பு உள்ளே வந்தது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறிப் பெருந்திரளாக வந்த நம்மவர்கள் வெட்டியதும் கரும்புதான். எஞ்சியிருந்த காப்பியை இலைத்துரு நோய் வாட்டியது. 1999-இல் ஜப்பானியக் காப்பி வல்லுநர் யோஷியாகி கவாஷிமா இந்தக் கூர்முனை வகையைத் தேடித் தீவுக்கு வந்தார். பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனமான சிராடும் உள்ளூர் விவசாயிகளும் சேர்ந்து அதை மீட்டெடுத்தார்கள். 2007-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

பூர்பன் செடியில் ஒரே ஒரு மரபணு பிசகியதால் பிறந்தது லாரினா. கணுக்களின் இடைவெளி குறுகியது, செடி கூம்பானது, இலை சிறுத்தது, கொட்டை கூர்ந்தது, காஃபீன் பாதியானது எல்லாம் அந்த ஒரு பிசகின் விளைவுகள். விளைச்சல் குறைவு என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது ஒடுங்கு மரபணு. தாய், தந்தை இரண்டு பக்கமும் அதுவே வந்தால்தான் குணம் வெளிப்படும். அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பத்தில் ஒரு பங்குவரை அயல் மகரந்தம் கலக்கலாம். பக்கத்தில் சாதாரண பூர்பன் நின்றால் விதையில் கொஞ்சம் கலப்பு வந்தே தீரும். கலப்புக் கன்றுகள் நெடுநெடுவென்று வளரும். கணு நீளும், இலை அகலும். ‘நல்ல வளர்த்தியாக இருக்கிறதே’ என்று அவற்றை வைத்துக்கொள்வதுதான் நாற்றங்காலில் நடக்கிற முதல் தவறு. இங்கே சவலைதான் அசல். விதையையும் நெடுநாள் வைத்திருக்க முடியாது. சில மாதங்களில் முளைப்புத்திறன் போய்விடும்.

காஃபீன் குறைவதும் அதே மரபணுவின் வேலைதான். செடி சாந்தோசின் என்ற பொருளில் தொடங்கி, மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதிகளைப் படிப்படியாகச் சேர்த்து, தியோபுரோமின் என்ற இடைப்பொருள் வழியாகக் காஃபீனைச் செய்கிறது. லாரினாவில் கொட்டை முற்றும் கட்டத்தில் இந்த வேலைக்கான ஜீன்கள் மந்தமாகிவிடுகின்றன. சாதாரண அராபிகாவில் உலர் எடையில் சுமார் 1.2 சதவீதம் காஃபீன் என்றால் இதில் 0.6 சதவீதம். 15 கிராம் தூளில் 180 மில்லிகிராமுக்குப் பதில் 90. காஃபீன் நீக்கிய காப்பி என்று இதைச் சொல்லி விற்பது தவறு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விதிப்படி அதற்கு வறுத்த காப்பியில் காஃபீன் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தூக்கம் வராதவர்கள் இரவு இரண்டு கோப்பை குடித்தால் பழைய கணக்கே வந்துவிடும்.

லாரினா அதிகம் கசக்காததற்குக் காரணம் காஃபீன் குறைந்ததுதான் என்று சொல்வதும் பாதி உண்மைதான். காப்பியின் கசப்பில் காஃபீனின் பங்கு சிறியது. இதே தீவின் காடுகளில் வளரும் ‘கஃபே மாரோன்’ என்ற காட்டுக் காப்பியில் காஃபீன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஆனாலும் கசக்கும். கசப்பில் பெரும்பகுதி கொட்டையில் இயல்பாக உள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் வறுக்கும்போது சிதைந்து உண்டாவது. எனவே லாரினாவைக் கருக வறுத்தால் கொடுத்த காசு வீண்.

அதற்கு முன்னால் பதப்படுத்தல். முழுக்கச் சிவந்த பழம் மட்டும். ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளி வெளியே போட வேண்டும். தோலுரிக்கும் பல்பரின் இடைவெளியைச் சிறிய கொட்டைக்கு ஏற்ப இறுக்கவேண்டும்: அதிகம் இறுக்கினால் கொட்டையில் வெட்டு விழுந்து புளிப்பு ஏறும், தளர்ந்தால் தோல் ஒட்டி வரும். பிறகு தொட்டியில் 12 முதல் 36 மணி நேரம் நொதிக்கவேண்டும். கடிகாரத்தை நம்பாதீர்கள், குளிரில் இழுக்கும், வெயிலில் முந்தும். ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேய்த்தால் வழுக்காமல் கூழாங்கல்போல் நறநறக்கவேண்டும். அதைத் தாண்டினால் காடி வாசனை.

மேட்டுநிலங்களில் காலை வெயில் அடிக்கும், நண்பகலுக்குள் மேகம் இறங்கிவிடும். பரணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அடிக்கடி கிளறி, மேகம் தொடும் முன் மூடிவிடவேண்டும். விட்டால் பூஞ்சணம். ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு வரும்போது கடித்தால் பல் பதியாது.

வறுக்கும்போது கொட்டையின் கூர்முனைதான் முதலில் சூடேறிக் கருகும். அதனால் தொடக்கத் தீ மிதமாக இருக்கட்டும். சூட்டில் கொட்டைகள் படபடவென்று வெடிக்கும் முதல் சத்தம் கேட்டுச் சற்று நேரத்தில் இறக்கிவிடலாம்.

தீவின் பழைய வீடுகளில் ‘கிரெக்’ என்ற தகரப் பாத்திரத்தில் காப்பி இறக்குவார்கள். மேலே தூள், கீழே டிகாஷன். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். கும்பகோணத்துப் பித்தளை பில்டர் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு வித்தியாசம்: இங்கே சிக்கரியும் வேண்டாம், பாலும் வேண்டாம். 15 கிராம் தூள், 92 டிகிரியில் 240 மில்லி தண்ணீர், மூன்று நிமிடம். சொட்டு நின்றுபோய், இறங்கியது கறுத்து நாக்கில் பிடித்தால் தூள் நுணுகிவிட்டது. அடுத்த முறை ஒரு படி பருவட்டாக அரையுங்கள்.